ஸ்கேனில் இருப்பது கதிரல்ல, ஒலி

ஸ்கேன் எடுக்க எடுக்கக் கதிர்வீச்சு உடம்பில் சேர்ந்து வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் என்ற அச்சம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. அதற்கு ஒரு வேரும் உண்டு. 1950களில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆலிஸ் ஸ்டீவர்ட், கருவில் இருக்கும்போதே எக்ஸ்ரே பட்ட குழந்தைகளிடையே புற்றுநோய் இறப்பு கூடுதலாக இருப்பதைக் கண்டறிந்தார். அந்த எச்சரிக்கை எக்ஸ்ரேக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் உரியது. 1958இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்டு குழுவினர் லான்செட் இதழில் வெளியிட்ட கருப்படங்களோ ஒலியால் எடுக்கப்பட்டவை. உடலுக்குள் பார்க்கும் கருவிகள் என்பதைத் தவிர எக்ஸ்ரேக்கும் இதற்கும் உறவில்லை.

எக்ஸ்ரே அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து மரபணுவை உடைக்க வல்லது. கர்ப்ப கால ஸ்கேனில் பயன்படும் மீயொலி வெறும் அதிர்வு. மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும் படிகம்தான் வயிற்றின்மேல் வைக்கும் கருவியின் உயிர்நாடி. அந்தப் பண்பை 1881இலேயே கியூரி சகோதரர்கள் சோதனையில் உறுதிப்படுத்திவிட்டார்கள். நம் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். இந்தப் படிகம் சில பத்து லட்சம் முறை அதிர்கிறது. அந்த ஒலி திசுக்களில் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போய், திசு மாறும் எல்லைகளில் பட்டு எதிரொலிக்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 13 பங்கு நேரம் ஆகும். அந்த நேரக்கணக்குதான் திரையில் படமாகிறது. இடையில் மெல்லிய காற்றடுக்கு இருந்தாலே ஒலி அநேகமாக முழுதும் திரும்பிவிடும். ஜெல் தடவுவது அதனால்தான், கதிரைத் தடுக்க அல்ல. அதிர்வு அடங்கியபின் உடம்பில் சேர்ந்து தங்க எதுவும் இல்லை.

அப்படியானால் கருப்பைக் கட்டியை மீயொலியாலேயே சுட்டு அழிக்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் சிகிச்சையில் ஒலியை ஒரே புள்ளியில் குவித்துச் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் வாட்டுக்கும் மேல் செலுத்துகிறார்கள். பரிசோதனைக் கருவிகளுக்கு அமெரிக்க அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு, நேரச் சராசரியில், 0.72 வாட். ஆக, கேட்க வேண்டியது கதிர் உண்டா என்பதை அல்ல. எவ்வளவு ஆற்றல், எவ்வளவு நேரம், எதற்காக என்பதைத்தான். ஒலி திசுவைச் சற்றே சூடாக்கும் என்பது உண்மை. குறிப்பாக, ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் முறையில் ஆற்றல் ஓரிடத்திலேயே குவிவதால், முதல் மூன்று மாதங்களில் காரணமின்றி அதைப் பயன்படுத்துவதில்லை. கருவின் இதயத்துடிப்பை அளக்க எம்-மோடு என்ற மீயொலி முறையே போதும். நினைவுக்காக மட்டும் நீண்ட நேரம் வீடியோ எடுப்பதும் வேண்டாத வேலை. ஆனால் 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அச்சத்தால் அதைத் தள்ளிப்போடும்போது கருவின் வயதைச் சரியாகக் கணிக்கும் வாய்ப்பு போகிறது. இரட்டைக் கருவோ உறுப்புக் குறைபாடோ இருந்தால் அது தெரியவருவதும் தாமதமாகிறது.