மழைக்காலத்தில் பிளந்த தோட்டாக் கூடுகள்

செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகமே பித்தளை. தோட்டாக் கூட்டுக்கான பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு. 30 பங்கு துத்தநாகம். எளிதில் நீளும் இக்கலவையை அச்சில் படிப்படியாக இழுத்துக் கூடு செய்கின்றனர். இழுக்குந்தோறும் உலோகம் கடினமாகும். இடையிடையே காய்ச்சி மென்மையாக்காவிடில் அது கிழிந்துவிடும். இறுதியாக இழுத்த பின்னரும், கண்ணுக்குப் புலனாகாத விசையொன்று கூட்டின் சுவரில் தங்கி நிற்கும்.

பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இந்தியாவிலிருந்த படையினர், மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைப்பதுண்டு. அவற்றுட் பல தாமாகவே பிளந்தன. மழைக்காலத்தில் நேர்ந்ததால் இது ‘பருவ வெடிப்பு’ எனப் பெயர் பெற்றது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921-ஆம் ஆண்டில் இதன் காரணத்தை விளக்கினர். குதிரைச் சிறுநீர் சிதைவதால் எழும் அம்மோனியா, ஈரத்துடன் சேர்ந்து செம்பைத் தாக்குகிறது. தங்கிய விசை அவ்விடத்தைப் பிளக்கிறது. இரண்டும் ஒருங்கே கூடினாலன்றி இவ்வெடிப்பு நேராது.

இதற்குப் பரிகாரம் எளியது. சுமார் 250 முதல் 300 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் காய்ச்சினால், கடினம் பெரிதும் குறையாமலே விசை தளர்ந்துவிடும். முற்றிலும் மென்மையாக்குவதற்கே இதனினும் மிகுந்த உஷ்ணம் தேவை.

இப்பாடம் தோட்டாவுக்கு மட்டும் உரியதன்று. மும்பையின் பாண்டுப் போன்ற, மழைக்காலத்தில் ஈரம் மிகுந்த இடங்களில், அச்சில் இழுத்தோ வளைத்தோ செய்த பித்தளைப் பொருள்களுக்கும் பொருந்தும். விசை நீக்கப்படாத பித்தளையை அம்மோனியா கலந்த திரவத்தால் துலக்கலாகாது. துலக்கிய பளபளப்பு, உள்ளே தொடங்கிய வெடிப்பை மறைத்துவிடும்.