மறுக்கத் தெரிந்த இயக்குநர் குழு

தனியார் டிரஸ்ட் கம்பெனி தொடங்க வரும் குடும்பத் தலைவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: சொத்தை டிரஸ்ட்டில் வைத்த பிறகும் பிடி என் கையில் இருக்குமா? நியாயமான கவலைதான். வாழ்நாள் முழுக்க உழைத்து வளர்த்த தொழிலை, முன்பின் தெரியாத ஒரு வங்கி அதிகாரியின் கையெழுத்தை நம்பி விட்டுவிட யாருக்கும் மனம் வராது. ஆனால் இந்தக் கேள்விக்கு “நிச்சயம் இருக்கும்” என்று வாக்குக் கொடுத்து உருவாக்கும் கம்பெனிதான் பின்னாளில் நீதிமன்றத்தில் நிற்காமல் போகிறது. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றில் இதற்கே முதலிடம் தருவேன். நிறுவனர் கேட்டதை இயக்குநர் குழு காரணம் காட்டி மறுக்க முடிய வேண்டும். மறுத்த பிறகும் அந்த இயக்குநர்கள் பதவியில் நீடிக்க வேண்டும். கம்பெனியின் எல்லா ஏற்பாடுகளையும் இதை மனத்தில் வைத்தே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிங்கப்பூரில் இது எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2005ஆம் ஆண்டின் டிரஸ்ட் கம்பெனிகள் சட்டப்படி, டிரஸ்டி வேலையைத் தொழிலாகச் செய்ய நாணய ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஒரே குடும்பத்தின் டிரஸ்ட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டு, பொதுமக்களிடம் தொழில் தேடாமல் இருக்கும் தனியார் டிரஸ்ட் கம்பெனிக்கு அந்த உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனாலும் பணம் யாருடையது, எங்கிருந்து வந்தது என்ற சோதனைகளை உரிமம் பெற்ற ஒரு டிரஸ்ட் கம்பெனியைக் கொண்டு செய்தாக வேண்டும். இயக்குநர்களில் ஒருவராவது சிங்கப்பூரில் வசிப்பவராக இருக்க வேண்டும். மூலதனமாக ஒரு வெள்ளி போட்டாலே கம்பெனியைப் பதிவு செய்துவிடலாம். சுமார் 300 கோடி வெள்ளி மதிப்புள்ள சொத்துகள் சிக்கிய 2023ஆம் ஆண்டின் கறுப்புப் பண வழக்குக்குப் பிறகு, சொத்தின் மூலத்தைப் பற்றிய கேள்விகள் கூர்மையாகியிருக்கின்றன. பழைய பங்குப் பத்திரம், விற்பனைப் பத்திரம், வரிக் கணக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே திரட்டி வைப்பது நல்லது. பதிவு வேலை இவ்வளவுதான், சில வாரங்களில் முடிந்துவிடும். அது எளிதாக முடிவதாலேயே, எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

வங்கியையே டிரஸ்டியாக வைத்துக்கொள்ளலாமே, எதற்குத் தனிக் கம்பெனி? இதற்கு விடை வேண்டுமானால் இங்கிலாந்தின் பார்ட்லெட் வழக்கைப் படிக்க வேண்டும். ஒரு குடும்பக் கம்பெனியின் 99.8 விழுக்காடு பங்குகள் டிரஸ்டியான பார்க்லேஸ் டிரஸ்ட் கம்பெனியிடம் இருந்தன. நிலம் வாங்கிக் கட்டடம் கட்டும் ஊகத் தொழிலில் அந்தக் குடும்பக் கம்பெனி இறங்கியது. லண்டன் ஓல்டு பெய்லிக்கு எதிரே வாங்கிய இடத்தில் பெருத்த நட்டம். டிரஸ்டி செய்ததெல்லாம் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய், கொடுத்த கணக்கைப் பெற்றுக்கொண்டு வந்ததுதான். அது போதாது, கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தடுத்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் டிரஸ்டியைப் பொறுப்பாளியாக்கியது. அதன் பிறகு தொழில்முறை டிரஸ்டிகள் இரண்டு விதமாகத் தற்காத்துக்கொண்டார்கள். ஒரே கம்பெனியின் பங்குகளை மொத்தமாக வைத்திருக்கத் தயங்கி, விற்றுப் பிரித்து முதலீடு செய்யச் சொல்வது ஒரு வழி. கம்பெனி விவகாரங்களில் தலையிடும் கடமை எங்களுக்கில்லை என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்வது இன்னொரு வழி. 2019இல் ஹாங்காங் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு ஷரத்தை ஏற்று, டிரஸ்டியைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. முதல் வழியில் குடும்பத் தொழில் கைமாறுகிறது. இரண்டாவது வழியில் பயனாளிகளுக்காகக் கவனித்துப் பார்க்க ஆளே இல்லாமல் போகிறது. தொழிலைப் புரிந்துகொண்டு, அதைக் கண்காணிக்கும் கடமையையும் ஏற்கும் டிரஸ்டி வேண்டும் என்பதால்தான் தனிக் கம்பெனி தேவைப்படுகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் காரணத்தில் நிறுவனரின் பிடிக்கு இடமே இல்லை.

பிடியை விடாதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. ரஷ்ய வங்கியாளர் செர்கெய் புகச்செவ் நியூசிலாந்துச் சட்டப்படி 5 டிரஸ்ட்டுகளை அமைத்தார். அங்கேயே கம்பெனிகளை டிரஸ்டிகளாக வைத்தார். அவரே பயனாளிகளில் ஒருவர். அவரே டிரஸ்டிகளைக் கண்காணிக்கும் காப்பாளர். காரணம் சொல்லாமலே டிரஸ்டியை நீக்கும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. 2017 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்ற நீதிபதி பிர்ஸ் அந்தப் பத்திரங்களைச் சேர்த்துப் படித்துப் பார்த்து, சொத்து அவரை விட்டுப் போகவே இல்லை என்று தீர்ப்பளித்தார். டிரஸ்ட் என்ற ஏற்பாடே வெறும் பாசாங்கு என்ற வாதத்தையும் மாற்றுக் காரணமாக ஏற்றார். கடன்காரர்களுக்கு வழி திறந்துவிட்டது.

சரி, சட்டமே அதிகாரத்தை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறதே என்று ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. உண்மைதான். சிங்கப்பூர் டிரஸ்டிகள் சட்டத்தின் 90ஆம் பிரிவு, முதலீட்டு அதிகாரத்தை நிறுவனர் தன்னிடம் வைத்துக்கொண்டார் என்ற ஒரே காரணத்துக்காக டிரஸ்ட் செல்லாமல் போகாது என்கிறது. ஜெர்சியிலும் கேமன் தீவுகளிலும் இதைவிடத் தாராளமான விதிகள் இருக்கின்றன. ஆனால் இந்தப் பிரிவு “அந்த ஒரே காரணத்துக்காக” என்பதோடு நின்றுவிடுகிறது. முதலீட்டோடு சேர்த்து, பணம் யாருக்குப் போக வேண்டும், டிரஸ்டி யார், பயனாளி யார் என்று எல்லாவற்றையும் ஒருவரே தீர்மானித்தால் அந்தப் பாதுகாப்பு உதவாது. குக் தீவுகளிலிருந்து வந்த வெப் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 2020இல் அப்படித்தான் சொன்னது: இத்தனை அதிகாரங்களும் ஒருவரிடமே இருந்தால் அவருக்கும் சொத்தின் உரிமையாளருக்கும் வேறுபாடில்லை. ஆகவே முதலீட்டைப் பற்றி ஆலோசனை சொல்லும் குழுவில் நிறுவனர் இருக்கட்டும். அவருடைய அறிவு அங்கேதான் தேவை. பணப் பங்கீட்டிலும் டிரஸ்டி நியமனத்திலும் அவர் தனியாகக் கையெழுத்திடும் அதிகாரம் வேண்டாம் என்பதே நான் தரும் ஆலோசனை.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது பெர்முடாவின் கிராண்ட் வியூ வழக்கு. அதில் கடன்காரர்கள் இல்லை, மோசடிக் குற்றச்சாட்டு இல்லை. தைவானின் ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் குழுமத்தை உருவாக்கிய சகோதரர்களின் குடும்பத்துக்கென 2001இல் ஒரு டிரஸ்ட் அமைந்தது. டிரஸ்டி, குடும்பத்தின் சொந்தத் தனியார் டிரஸ்ட் கம்பெனி. பயனாளிகளைச் சேர்க்கவும் நீக்கவும் டிரஸ்டிக்குப் பத்திரத்தில் பரந்த அதிகாரம் இருந்தது. 2005இல் இயக்குநர்கள் அதைப் பயன்படுத்திக் குடும்பத்தினர் அனைவரையும் பயனாளிப் பட்டியலிலிருந்து நீக்கி, தனி நபர்களுக்காக அல்லாமல் குறிப்பிட்ட நோக்கத்துக்காக அமையும் ஒரு நோக்க டிரஸ்ட்டைச் சேர்த்து, அன்றைய மதிப்பில் சுமார் 56 கோடி அமெரிக்க டாலர் சொத்து முழுவதையும் அதற்கு மாற்றினார்கள். நிறுவனர்களின் எண்ணத்தை நிறைவேற்றுகிறோம் என்று அவர்கள் நம்பினார்கள். பெர்முடாவின் முதல் நீதிமன்றம் செல்லாது என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. 2022 டிசம்பரில் பிரிவி கவுன்சில் செல்லாது என்று முடித்தது. அதிகாரம் பத்திரத்தின் சொற்களுக்குள் அடங்கினால் போதாது, அது எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்காகப் பயன்பட வேண்டும். குடும்பத்தின் நலனுக்காக அமைந்த டிரஸ்ட்டின் அதிகாரத்தைக் கொண்டு அந்தக் குடும்பத்தையே வெளியேற்ற முடியாது என்பதே காரணம். மாற்றம் நடந்து 17 ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு இது. நல்லெண்ணத்தோடு, நிறுவனரின் விருப்பத்தை மதித்து, வழக்கறிஞர்களை வைத்துக்கொண்டு செயல்படும் குழுவும் தவறலாம் என்பதுதான் இதிலுள்ள பாடம். “இந்த அதிகாரம் எதற்காக நமக்குத் தரப்பட்டது?” என்று அந்த மேசையைச் சுற்றி ஒருவராவது அழுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஒருவரை எப்படிக் கொண்டுவருவது? ஐந்து பேர் குழுவில் குடும்பத்தினர் இருவர், குடும்பத் தொழிலை அறிந்த ஒருவர், குடும்பத்தோடு வேறு வியாபாரத் தொடர்பே இல்லாத இருவர் என்று நான் பரிந்துரைப்பேன். பங்கீட்டு முடிவுகளுக்கு அந்த இருவரில் ஒருவரின் ஒப்புதலாவது கட்டாயம் என்று கம்பெனி விதிகளில் எழுத வேண்டும். குடும்பத்தின் ஆடிட்டரும் தொழிலின் வழக்கறிஞரும் இந்த இருவரில் வரக் கூடாது. அவர்களுடைய வருமானம் நிறுவனரைச் சார்ந்திருக்கிறது. அதைவிட முக்கியம், இயக்குநரை நீக்குவது யார் என்பது. கம்பெனியின் பங்குகள் நிறுவனர் பெயரில் இருந்தால், மறுத்துப் பேசியவரை அவர் மறுநாளே மாற்றிவிடலாம். அதனால்தான் பங்குகளை பெர்முடா அல்லது கேமன் நோக்க டிரஸ்ட்டிடமோ, ஜெர்சி ஃபவுண்டேஷனிடமோ வைப்பார்கள். சிங்கப்பூரில் நோக்க டிரஸ்ட்டுக்குத் தனிச் சட்டம் இல்லாததால், பங்கு மூலதனமே இல்லாத உத்தரவாதக் கம்பெனியாக அமைப்பதும் உண்டு. எந்த வடிவமானாலும், நீக்கத்துக்கு எழுத்தில் காரணம், முன்னறிவிப்பு, ஒன்றுக்கு மேற்பட்டவரின் கையெழுத்து மூன்றும் இருக்கட்டும்.

குழு உண்மையாக வேலை செய்கிறதா என்று அறிய நான் முதலில் கேட்டு வாங்குவது கூட்டக் குறிப்பேடுகளைத்தான். இரண்டாவது மகன் ஹோட்டல் தொடங்க 40 லட்சம் வெள்ளி கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே இயக்குநர்களுக்குக் கோப்பு போக வேண்டும்: அவருடைய விண்ணப்பம், கடன் தர அனுமதிக்கும் பத்திர ஷரத்து, கையிருப்பு, வரி ஆலோசகரின் குறிப்பு, மற்றப் பயனாளிகளின் வரவிருக்கும் தேவைகள், நிறுவனரின் விருப்பக் கடிதம். தந்தை குழுவில் இருந்தால் தன் தொடர்பைச் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று குறிப்பில் எழுத வேண்டும். கேட்டது 40, தந்தது 25, மீதி ஏன் மறுக்கப்பட்டது, வட்டி என்ன, ஈடு என்ன, தங்கையின் மருத்துவச் செலவை எப்படிக் கணக்கில் எடுத்தார்கள் என்பதெல்லாம் நாலு வரியிலாவது இருக்க வேண்டும். “விவாதித்து ஒருமனதாக ஏற்கப்பட்டது” என்ற ஒற்றை வரி ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே முடிவெடுப்பது குழு இல்லை. கூட்டம் நடப்பதற்கு முன்பே தட்டச்சான தீர்மானங்களும் அதையே காட்டிக்கொடுக்கும். மின்கோப்பில் தேதி இருக்கும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

வெளியாளுக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன தெரியும் என்பது அடுத்த மறுப்பு. தெரியாதுதான். அந்த அறிவைக் குடும்ப இயக்குநர்களும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விருப்பக் கடிதமும் தரட்டும். யாருக்கும் கடன்படாத பார்வைதான் வெளியாளிடமிருந்து வேண்டும். செலவு கூடுதல் என்பார்கள். உள்ளூர் இயக்குநர், செயலாளர், உரிமம் பெற்ற கம்பெனியின் கட்டணம், காப்பீடு என்று ஆண்டுச் செலவு கணிசம்தான். அதைத் தாங்காத அளவு சொத்துக்கு இந்த அமைப்பே வேண்டாம், நல்ல உயிலும் தொழில்முறை டிரஸ்டியும் போதும்.

இந்தியத் தொடர்புள்ள குடும்பங்களுக்கு இதில் வரியும் சேர்ந்துகொள்கிறது. கம்பெனி சிங்கப்பூரில் பதிவாகியிருந்தாலும் முக்கிய முடிவுகள் உண்மையில் எங்கே எடுக்கப்படுகின்றன என்பதையே இந்திய வருமான வரித்துறை பார்க்கும். சடங்குக்குக் கூடும் குழுவைத் தாண்டி உண்மையான முடிவெடுப்பவரைத் தேடும்படி 2017இல் மத்திய நேரடி வரிகள் வாரியம் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆண்டு வரவு ரூ.50 கோடிக்கு மேற்படாத கம்பெனிகளுக்கு இந்த விதி பொருந்தாது என்று அதே ஆண்டில் விலக்கும் தந்தது. அந்த விலக்கை நம்பி, கோயம்புத்தூரில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் உத்தரவு போடலாம் என்று எண்ண வேண்டாம். விலக்கு கம்பெனிக்குத்தான், டிரஸ்ட் எந்த நாட்டைச் சேர்ந்தது என்ற கேள்வி தனியாக எழும். அங்கும் அந்தச் செய்திகள்தான் சாட்சியாக வரும்.

கடைசியாக, பயனாளிகளின் நிலை. கெட்ட முடிவால் பாதிக்கப்பட்ட ஒரு பேத்தி, ஒரு வெள்ளி மூலதனமுள்ள டிரஸ்டி மீது வழக்குப் போட்டு வென்றாலும் அவளுக்குக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. வங்கி டிரஸ்டியாக இருந்தால் அதன் கஜானா பின்னால் இருக்கும். இந்தக் குறையை இயக்குநர் பொறுப்புக் காப்பீட்டால் ஓரளவு ஈடுகட்டலாம். அதை வாங்காமல் தொடங்கக் கூடாது என்பேன். கூடவே, 25 வயது நிறைந்த பயனாளி ஒவ்வொருவருக்கும் டிரஸ்ட்டின் ஆண்டுக் கணக்கை அனுப்ப வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பணம் இருப்பது தெரிந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. அந்த அச்சத்துக்காக வயதை 30 ஆக்கலாம், முதல் சில ஆண்டுகளுக்குச் சுருக்கமான கணக்கு தரலாம். அனுப்பவே வேண்டாம் என்று எழுதச் சொன்னால் நான் உடன்பட மாட்டேன்.