ஆட்டுப் பாலும் அடுப்பும்

டெங்குக் காய்ச்சல் பரவும் நாட்களில் இந்த டில்லி மாநகரில் ஆட்டுப் பாலுக்கு ஏற்படும் கிராக்கியை நண்பர்கள் அறிவீர்கள். அதைக் குடித்தால் இரத்தத் தட்டணுக்கள் பெருகும் என்பது நம்பிக்கை. அதற்குத் தக்க சான்று இல்லை. சென்ற ஆண்டு நம் விடுதியில் ஒருவர் காய்ச்சலாய்ப் படுத்திருந்தபோது, அவருடைய அறைத்தோழர் எங்கிருந்தோ அரைப்படி ஆட்டுப் பால் வாங்கி வந்தார். "காய்ச்சினால் சத்தெல்லாம் போய்விடும், பச்சையாகவே குடி" என்றார். நான் பாத்திரத்தைப் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். பெரிய வாக்குவாதம்! அன்று என்னால் முழு விடை கூற இயலவில்லை. பின்னர்ப் படித்தறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

காய்ச்சுவதால் பாலின் சுண்ணாம்புச் சத்தும் கொழுப்பும் 'ஏ' உயிர்ச்சத்தும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. புரதத்தின் ஒரு பகுதி உருமாறினாலும் உணவாகும் தன்மையை இழப்பதில்லை. குறைபவை 'சி' உயிர்ச்சத்தும், தயமின், ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவையுமே. ஆனால் 100 கிராம் ஆட்டுப் பாலில் 'சி' இருப்பதே ஏறக்குறைய 1.3 மில்லிகிராம்தான். ஒரு நெல்லிக்காய்க்கு முன் இது எம்மாத்திரம்?

ஃபோலிக் அமிலத்தின் கதை வேறு. பசும்பாலில் 100 கிராமுக்குச் சுமார் 5 மைக்ரோகிராம் உள்ள இது, ஆட்டுப் பாலில் 1 மைக்ரோகிராம் அளவே உண்டு. பி12-உம் மிகக் குறைவு. ஆகவே ஆட்டுப் பாலை மட்டுமே ஊட்டி வளர்க்கும் கைக்குழந்தைக்கு இரத்தசோகை வரும். பழியை அடுப்பின்மேல் போடுவது தவறு. குறை மடியிலேயே இருக்கிறது. ஊரில் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கச் சொல்லும் பெரியவர்கள் இருந்தால், இதை அவர்களுக்குப் பணிவுடன் எடுத்துச் சொல்லுங்கள்.

பச்சைப் பாலின் ஆபத்தோ சிறியதன்று. மால்டாத் தீவில் ஆங்கிலப் படையினரை வாட்டிய காய்ச்சலின் கிருமியை 1887-இல் டேவிட் புரூஸ் கண்டறிந்தார். ஆடுகளே அதன் இருப்பிடம் என்பதை 1905-இல் தெமிஸ்டாக்ளிஸ் ஜாமித் காட்டினார். மறு ஆண்டு படையினருக்கு ஆட்டுப் பால் நிறுத்தப்பட்டதும் நோய் மளமளவென்று குறைந்தது. புரூசெல்லோசிஸ் எனப்படும் அந்நோய் நம் நாட்டில் இன்றும் உண்டு. 63 டிகிரி சென்டிகிரேடில் அரைமணி நேரமோ, 72 டிகிரியில் 15 விநாடியோ வைத்தால் அக்கிருமி மடிந்துவிடும். வீட்டில் ஒரு கொதி போதும்.

ஒரு கொதிதான்! விடுதிச் சமையலறையில் செய்வதுபோல் காலைப் பாலை இரவுவரை திரும்பத் திரும்பச் சுட வைத்தால், பாலின் சர்க்கரை புரதத்திலுள்ள லைசினோடு பிணைந்து அதைப் பயனற்றதாக்கும். பால் சுண்டிப் பழுப்பாவது அதன் அடையாளம். பனீர் செய்பவர்கள் வடித்துக் கொட்டும் நீரிலும் சத்துண்டு. அதன் இளம்பச்சை நிறம் ரிபோஃப்ளேவினால் வருவது. அதை ரொட்டி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம். அதே ரிபோஃப்ளேவின் வெயிலில் அழியுமாதலால், பாலைக் கண்ணாடிப் புட்டியில் ஜன்னலோரம் வைக்க வேண்டாம்.

நண்பர் அன்று காய்ச்சிய பாலைத்தான் குடித்தார். சர்க்கரை போடவில்லையென்று என்மேல் அவருக்கு இன்னும் வருத்தம்.