முள்மூங்கில்

மூங்கிலை மரமென்பது உலக வழக்கு. தாவர நூலாரோ அதனைப் புல்லினத்தில் வைத்து, நெல்லுக்கும் கரும்புக்கும் உறவாக்குவர். புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்த இலக்கணமும் இதற்கு இயைந்ததே. ஆயினும் 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரமென்றே கொண்டது. தன் நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி வண்டியேற்றவும் உழவன் அநுமதிச் சீட்டுக்கு அலைய நேர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அச்சொல் நீங்கிற்று.

நம் நாட்டு மூங்கில்களுள் முள்மூங்கில் பெரியது. பெருமூங்கில் என்றும் பெயர் பெறும். லின்னேயஸ் 1753-இல் இதனை நூலிற் பதித்தார். இக்காலத்தார் பம்பூசா பம்போஸ் என்பர். பழைய நூல்களில் பம்பூசா அருண்டினேசியா எனக் காணப்படும். மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலில் ஆற்றோரங்களில் இது அடர்ந்து வளரும். கழைகள் எண்பது, நூறு அடிவரை ஓங்கும். அடிக்கணுக்களிற் கிளைக்கும் சிறு கொம்புகளின் வளைந்த முட்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், தூறு ஓர் அரணாகிவிடும். மழைக்காலத்திற் கிழங்கினின்று எழும் முளை, சில திங்களில் முழு உயரத்தை எய்தும். அதன்பின் கழை பருப்பதில்லை. முற்றி வலிவடைதல் மட்டுமே உண்டு.

ஏணி, பந்தற்கால், சாரம், கூடை, முறம், ஓடக்கோல் முதலிய பயன்களை விரித்துரைத்தல் வேண்டா. இளமுளை கறிக்காகும். அதில் இயல்பாக நஞ்சுண்டாதலின், நன்கு வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிடல் வேண்டும். கணுவிடையில் உறையும் மூங்கிலுப்பு மருந்துக்குரியது. அது பெரும்பாலும் மணற்சத்தே.

இனி, இதன் வாழ்க்கையில் வியப்பானது பூத்தல். ஏறக்குறைய நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகள் பூவின்றி வாழ்ந்து, பின் ஒரு வட்டாரத்துத் தூறுகள் பெரும்பாலும் ஒருங்கே பூத்துக் காய்த்து மடியும். அவ்விதையே மூங்கிலரிசி. பாரியின் பறம்பில் உழாமலே விளைவன நான்கு எனப் பாடிய கபிலர் மூங்கில் நெல்லை முதற்கண் வைத்தார். ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் விளைச்சலை நம்பி நெடுநாள் முற்றுகையைத் தாங்க இயலுமோ என்பது என் ஐயம். புலவரோடு வழக்காட விரும்பவில்லை.

பூக்கும் காலத்தை ஆண்டெண்ணும் ஏதோ ஒரு கணக்கு செடியினுள்ளேயே இயங்குகின்றது. அதன் முழு இயல்பு இன்னும் விளங்கவில்லை. 1990-இல் பூனாவிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தார், இம்மூங்கிலின் நாற்றுத் திசுவைக் கண்ணாடிக் கலத்தில் வளர்ச்சிப் பொருள்கள் சேர்த்து வளர்த்து, சில திங்களிலேயே பூக்கச் செய்தனர். எனவே அக்கணக்கு மாற்றவொண்ணாததன்று எனத் தெரிகின்றது.

மூங்கில் நடுவோர்க்கு இது வெறும் விந்தையன்று. எளிதென்று கருதிப் பலர் பழந்தூறொன்றின் கிழங்கைக் கழையோடு பெயர்த்து நடுவர். நட்டது புதிதெனினும் அதன் வயது தாயின் வயதே. முப்பத்தெட்டாண்டுத் தூறினின்று பெயர்த்த கன்று, வெட்டுக்கு வரும் பருவத்தில் தாயோடு தானும் பூத்துப் பட்டுப்போகலாம். ஆதலின் கன்று வாங்குவோர் முதலில் வினவவேண்டியது விலையையன்று; தாய்த்தூறு எந்த ஆண்டு விதையில் தோன்றியது என்பதையே. விதைநாற்று இவ்வச்சமற்றது. விதையின் முளைக்கும் ஆற்றல் சில திங்களே நிற்பதால், பூத்த ஆண்டிலேயே நாற்றங்காலிட வேண்டும்.

இரண்டடிக் குழிகளில், பதினைந்து முதல் இருபதடி இடைவிட்டு, மழைத் தொடக்கத்தில் நடுக. நீர் தேங்கும் நிலம் ஆகாது. ஐந்தாறாண்டில் வெட்டத் தொடங்கலாம். மூன்றாண்டு நிரம்பாத கழைமேற் கத்தி வைக்கலாகாது. புதுமுளைக்கு ஊட்டமளித்துக் காப்பவை இளங்கழைகளே. முற்றியவை தூறின் நடுவில் நிற்குமாதலின், ஒருபுறம் வழி திறந்து உட்சென்று, நிலத்திற்கு மேல் ஓரிரு கணு விட்டு வெட்டுவர். முட்களுக்கஞ்சிப் புறத்திலுள்ள இளங்கழைகளையே கொய்துவருவோர், நடுவில் நெருக்கம் மிகுவித்துத் தூறினைக் கெடுக்கின்றனர். முளைவிடும் மழைநாளில் வெட்டுதல் தகாது. வெட்டிய கழைகளைச் சில வாரம் நீரில் ஊறவைத்தால் உள்ளிருக்கும் மாவுச்சத்துக் கரையும். அதனை நாடிவரும் உளுவண்டின் தொல்லையும் பெரிதும் குறையும்.