சில மரங்கள் மட்டும் ஏன் எங்கும் நிற்கின்றன?

கேள்வி: காட்டில் ஒரு சில மரங்களே கண்ணில் படுகின்றன, மற்றவை தேடினாலும் கிடைப்பதில்லையே, ஏன்?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உலகெங்கும் இதே கதைதான். 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வின்படி, வெப்பமண்டலக் காடுகளின் சுமார் 80,000 கோடி மரங்களில் பாதி, ஏறத்தாழ 1,050 இனங்களுக்குள் அடங்கிவிடும். மீதிப் பாதியில் 46,000 இனங்கள்!

காலாப்பட்டைத் தாண்டிப் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். பளபளக்கும் கரும்பச்சை இலையோடு காயா மரங்களே மிகுதி. பூக்கும் காலத்தில் இலையற்ற கொம்பிலும் நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். வறட்சியையும் வெட்டையும் தாங்கித் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் இனங்களுக்கு இந்தக் கரையோரம் தோதானது. கருங்காலியோ மெல்ல வளரும், மரத்துக்காகவே வெட்டப்பட்டது.

எண்ணிக்கையில் குறைந்தவை அடியோடு அழியாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. தாய்மரத்தடியில் அதே இனத்தைத் தாக்கும் பூச்சியும் பூஞ்சையும் பெருகுவதால் அதன் கன்றுகள் அங்கே தேறுவது கடினம். அந்த இடம் வேறு இனத்துக்குக் கிடைக்கிறது.

கோயிலுக்குக் கொட்டகை போட நாலு மரத்தை வெட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அந்த நாலில் ஒன்று, அந்தக் காட்டில் அந்த இனத்தின் கடைசி மரமாக இருக்கலாம். வெட்டுவதற்கு முன் ஒரு கிளையையாவது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தாவரவியலாளர்களிடம் காட்டி, என்ன மரம் என்று கேளுங்கள்.