விளக்கு எரிந்தால் போதுமா?

புது வீட்டில் வயரிங் வேலை முடிகிறது. வீட்டுக்காரர் சுவிட்சைப் போடுகிறார். விளக்கு எரிகிறது. மின்விசிறி சுற்றுகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. வேலை செய்தவர் கூலியை வாங்கிக்கொண்டு போகிறார்.

விளக்கு எரிந்துவிட்டது. அப்படியானால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. தவறாகச் செய்த வயரிங்கிலும் விளக்கு எரியும். எர்த் இல்லாத வீட்டிலும் விளக்கு எரியும். தரம் குறைந்த வயரிலும் விளக்கு எரியும். எரிகிற விளக்கு ஒன்றை மட்டுமே சொல்கிறது: மின்சாரம் வந்திருக்கிறது. அது பாதுகாப்பாக வந்திருக்கிறதா என்பதைச் சோதனைதான் சொல்லும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். வீட்டிலும், வயலிலும், தெருவிலும், தொழிற்கூடத்திலும் இந்தச் சாவுகள் நடக்கின்றன. சரியான வயரிங்கும் சரியான சோதனையும் இருந்தால் இவற்றில் பலவற்றைத் தடுக்க முடியும்.

ஒரு விளக்கில் தொடங்கிய வீடுகள்

1988-89ஆம் ஆண்டில் மத்திய அரசு ‘குடிர் ஜோதி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்து ஏழைகளின் வீடுகளுக்கு ஒரு விளக்கு எரியும் அளவுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். 2017இல் ‘சௌபாக்கியா’ திட்டம் வந்தது. 2022 மார்ச்சில் அது முடிவதற்குள் சுமார் 2 கோடியே 86 லட்சம் வீடுகள் மின்சாரம் பெற்றன. இது பெரிய மாற்றம்.

ஆனால் வீடு ஒரு விளக்கோடு நிற்பதில்லை. அடுத்து மின்விசிறி வருகிறது. டி.வி. வருகிறது. மிக்சி வருகிறது. பிறகு ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் வருகின்றன. ஒரு விளக்குக்குப் போட்ட மெல்லிய வயரிலிருந்தே இவை அனைத்துக்கும் கிளை பிரிக்கிறார்கள். வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றுகிறார்கள். வயர் தாங்கும் அளவைவிட அதிக மின்சாரம் அதில் ஓடுகிறது. வயர் சூடாகிறது. மேலே உள்ள உறை இளகுகிறது. ஒருநாள் தீப்பிடிக்கிறது. அல்லது யாருக்காவது ஷாக் அடிக்கிறது.

எவ்வளவு மின்சாரம் உயிரைப் பறிக்கும்?

மின்சாரம் ஓடும் அளவை ஆம்பியர் என்று சொல்கிறோம். ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர்.

உடம்பில் சுமார் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே கைத்தசை இறுகிவிடும். பிடித்த பொருளை விட முடியாது. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் மூச்சும் இதயத் துடிப்பும் பாதிக்கப்படலாம். உயிரும் போகலாம்.

பழைய 60 வாட் குண்டு பல்பு எடுக்கும் மின்சாரம் சுமார் 260 மில்லி ஆம்பியர். அதில் எட்டில் ஒரு பங்கு கூட ஆளைக் கொல்லப் போதும்.

“ஃபியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?” என்று சிலர் கேட்கலாம். வீட்டில் உள்ள சிறிய ஃபியூஸ் 5 ஆம்பியர் வரை தாங்கும். அதாவது 5,000 மில்லி ஆம்பியர். ஷாக் அடித்தவர் உடம்பில் ஓடுவது இதைவிட மிகக் குறைவு. எனவே ஃபியூஸ் போகாது. ஃபியூஸ் வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்ற வேறு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று எர்த். மற்றொன்று கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் கருவி.

மூன்றாவது வயர்

வீட்டு வயரிங்கில் மூன்று வயர்கள் உண்டு. ஒன்று ஃபேஸ். இதில்தான் மின்சாரம் வருகிறது. இது பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும். இரண்டாவது நியூட்ரல். மின்சாரம் திரும்பிப் போகும் வழி இது. நிறம் கறுப்பு. மூன்றாவது எர்த். நிறம் பச்சை. மூன்று முனை பிளக்கில் பெரிய முனை எர்த்துக்கு உரியது. அது மற்ற இரண்டையும்விட நீளமானது. பிளக்கைச் செருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும் என்பதற்காகவே இந்த நீளம்.

இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். அதன் உள்ளே ஒரு வயரின் உறை தேய்ந்து போகிறது. ஃபேஸ் வயர் இரும்பு உடலில் படுகிறது. எர்த் சரியாக இருந்தால் மின்சாரம் அந்த வழியாக ஒரேயடியாகப் பாயும். ஃபியூஸ் போய்விடும். ஆபத்து அங்கேயே முடியும். எர்த் இல்லாவிட்டால் ஃபியூஸ் போகாது. பெட்டியின் உடலில் மின்சாரம் காத்திருக்கும். அடுத்து தொடுகிறவரின் உடம்பே எர்த் ஆகிவிடும்.

எர்த் வயர் பிளக்கோடு முடிவதில்லை. அது வீட்டுக்கு வெளியே மண்ணுக்குள் போக வேண்டும். அதற்காகக் குழி வெட்டி, சுமார் இரண்டரை மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைப் புதைப்பது பழைய வழக்கம். சுற்றிலும் கரியும் உப்பும் போடுவார்கள். கோடையில் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். மண் ஈரமாக இருந்தால்தான் மின்சாரம் எளிதாக இறங்கும்.

சிலர் குழி வெட்டும் செலவை மிச்சப்படுத்தப் பார்க்கிறார்கள். எர்த் முனையை நியூட்ரல் வயரோடு சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள். இது மிகவும் ஆபத்தானது. நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தால் வீட்டில் உள்ள ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றின் உடலிலும் மின்சாரம் வந்துவிடும்.

கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். இ.எல்.சி.பி. என்றும் கடைகளில் சொல்வார்கள். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் நிறுத்திவிடும். வீட்டுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் அளவு. அதன் முகப்பில் ஒரு சிறிய சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவி பழுது.

ஆனாலும் அலட்சியம் கூடாது. ஒருவர் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் தொட்டால் இந்தக் கருவிக்குத் தெரியாமல் போகலாம்.

வயரிங் செய்ய யாருக்கு உரிமை?

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இதற்கு விடை இருந்தது. 2003இல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. அதன் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010இல் பாதுகாப்பு விதிமுறைகளை வெளியிட்டது. 2023இல் அவற்றுக்குப் பதிலாகப் புதியவை வந்தன. அடிப்படை மட்டும் மாறவில்லை. மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் வயரிங் வேலையை எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்றவர் அதை மேற்பார்வை இட வேண்டும்.

பல்பு மாற்றுவது, ஃபியூஸ் போடுவது, பழுதான சுவிட்சை மாற்றுவது போன்ற சிறு வேலைகளுக்கு விலக்கு உண்டு. புதிதாக வயர் இழுப்பது, புதிய பிளக் வைப்பது ஆகியவை சிறு வேலைகள் அல்ல.

ஒரு பேச்சு

எழுதப் படிக்கக் கற்ற ஒரு பெண் வீடு கட்டுகிறார். வயரிங் செய்ய ஒருவர் வருகிறார். அவர்கள் இப்படிப் பேசுவதாக வைத்துக்கொள்ளலாம்.

“வயரிங்குக்கு எவ்வளவு ஆகும், தம்பி?”

“மத்தவங்களைவிடக் கம்மியாத்தான் வாங்குவேன், அக்கா. எர்த் குழி வேண்டாம்னா இன்னும் குறையும்.”

“எர்த் இல்லாமல் விளக்கு எரியுமா?”

“நல்லா எரியும், அக்கா.”

“இஸ்திரிப் பெட்டியில் மின்சாரம் இறங்கினால் என்ன ஆகும்?”

அவர் பேசாமல் நின்றார்.

“உங்கள் லைசென்ஸைக் காட்டுங்கள், தம்பி.”

“பதினஞ்சு வருஷமா இதே வேலைதான் பார்க்கிறேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை, அக்கா.”

“உங்கள் கைவேலையைக் குறை சொல்லவில்லை. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரைக் கூட்டி வாருங்கள். அவர் பொறுப்பில் நீங்களும் செய்யுங்கள். கடைசியில் சோதித்துப் பார்த்து எழுதித் தரட்டும். எர்த் குழியும் வேண்டும். பணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.”

வேலை தெரிந்தும் சான்று இல்லாமல் இருப்பவர்கள் பலர். எழுதப் படிக்கத் தெரியாததால் தேர்வுப் பக்கமே போகாதவர்களும் அவர்களில் உண்டு. பல மாநிலங்களில் அனுபவம் உள்ள தொழிலாளர்கள் தேர்வு எழுதித் தகுதிச் சான்று பெற வழி இருக்கிறது. படிக்கக் கற்றவர்களுக்கு அந்தக் கதவு திறக்கும்.

என்னென்ன சோதிக்க வேண்டும்?

வேலை முடிந்ததும் ஐந்து சோதனைகள் அவசியம்.

1. உறைச் சோதனை. வயரின் மேலுறை வழியாக மின்சாரம் கசிகிறதா என்று பார்ப்பது. இதற்கு மெகர் என்ற கருவி வேண்டும். அது 500 வோல்ட் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும். அளவு 1 மெகா ஓம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

2. சுவிட்ச் சோதனை. சுவிட்ச் ஃபேஸ் வயரில் இருக்க வேண்டும். நியூட்ரலில் வைத்திருந்தாலும் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பல்பை மாற்றப் போகிறவருக்கு ஷாக் அடிக்கும்.

3. எர்த் தொடர்ச்சி. ஒவ்வொரு மூன்று முனைப் பிளக்கிலிருந்தும் எர்த் வயர் அறுபடாமல் மெயின் வரை வருகிறதா என்று பார்ப்பது.

4. மண் சோதனை. புதைத்த எர்த் வழியாக மின்சாரம் மண்ணில் எளிதாக இறங்குகிறதா என்று கருவி வைத்து அளப்பது.

5. ஆர்.சி.சி.பி. சோதனை. பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கிறதா என்று பார்ப்பது.

டெஸ்டரை மட்டும் வைத்து இந்த ஐந்தையும் செய்ய முடியாது. டெஸ்டர் மின்சாரம் இருப்பதைக் காட்டும். எர்த்தின் தரத்தையோ உறையின் தரத்தையோ அது காட்டாது.

கையெழுத்துப் போடும் முன்

சோதனை முடிந்ததும் ஒப்பந்தக்காரர் ஓர் அறிக்கை எழுதித் தருவார். இதற்குச் சோதனை அறிக்கை என்று பெயர். பல மாநிலங்களில் புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது இதையும் சேர்த்துத் தர வேண்டும். அதில் வீட்டுக்காரரின் கையெழுத்தையும் கேட்பது உண்டு.

இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. சோதனை செய்யாமலே படிவத்தை நிரப்பிவிடுகிறார்கள். வீட்டுப் பக்கம் வராத ஒருவரின் கையெழுத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். காகிதம் இருக்கும். சோதனை நடந்திருக்காது.

முன்பு கைநாட்டு வைத்தவர்களுக்கு அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இப்போது படிக்கத் தெரியும். எனவே இவற்றைப் படித்துப் பார்க்க வேண்டும்:

• ஒப்பந்தக்காரரின் பெயரும் உரிம எண்ணும் இருக்கின்றனவா?
• உரிமம் எந்த நாள் வரை செல்லும்?
• எத்தனை விளக்கு, எத்தனை பிளக் என்று எழுதியிருப்பது வீட்டில் உள்ளதோடு ஒத்துப் போகிறதா?
• சோதனை அளவுகளை எண்ணில் எழுதியிருக்கிறார்களா? அந்த இடம் காலியாக இருக்கிறதா?
• சோதனை செய்த தேதி என்ன? அன்று யாராவது கருவியோடு வீட்டுக்கு வந்தார்களா?

ஒன்றுக்குச் சரியான விடை கிடைக்காவிட்டாலும் கையெழுத்துப் போடக் கூடாது. படிவம் வேறு மொழியில் இருந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். அறிக்கையின் ஒரு நகலை வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக வைக்க வேண்டும்.

பொருளையும் படித்து வாங்குக

வயர், சுவிட்ச், பிளக் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்க்க வேண்டும். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண் இருக்கும். வீட்டு வயருக்கு உரிய எண் 694. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்ற எழுத்துகளும் உரிம எண்ணும் இருக்கும். எண் இல்லாத முத்திரையை நம்ப வேண்டாம். செல்பேசி வைத்திருப்பவர்கள் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால், அது உண்மையானதா என்று தெரிந்துவிடும்.

வயரின் தடிமனும் முக்கியம். விளக்கு, மின்விசிறிக்கு 1.5 சதுர மில்லி மீட்டர் வயர் போடுவது வழக்கம். பெரிய பிளக்குக்கு 2.5 அல்லது 4 சதுர மில்லி மீட்டர் தேவைப்படும். இந்த எண்ணையும் வயர் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

• ஃபியூஸ் போனால் தடித்த செம்புக் கம்பியைப் போடக் கூடாது. எவ்வளவு ஓடினாலும் அது போகாது, வயர்தான் எரியும்.
• மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டுச் செருகக் கூடாது.
• மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஒருவருக்கு ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை நிறுத்த வேண்டும்.
• ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது பழைய வயரிங்கைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. தவறான வயரிங்கிலும் விளக்கு எரிவது ஏன்?
2. ஃபியூஸ் எதைக் காப்பாற்றும்? எதைக் காப்பாற்றாது?
3. சோதனை செய்யாமல் எழுதிய அறிக்கையால் யாருக்கு நட்டம்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு மெயின் பலகைக்கு முன் நில்லுங்கள். எதையும் திறக்க வேண்டாம். வெளியில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளையும் எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று எங்காவது இருக்கிறதா? சோதனைப் பொத்தான் இருக்கிறதா? தாளை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். மற்றவர்கள் எழுதி வந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.