மருத்துவமனையைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி: பெங்களூருவில் பி.யு.சி. படிக்கும் என் மகள் டாக்டராக விரும்புகிறாள். கல்லூரியை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, அல்சூர்

பதில்: முதலில் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். என்பது நாலரை ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டுப் பயிற்சி. கைத்தேர்ச்சி வருவது நோயாளியின் கட்டிலருகேதான். 1955-இல் தொடங்கிய பெங்களூரு மருத்துவக் கல்லூரியின் பலம், 1900 முதல் இயங்கும் விக்டோரியா மருத்துவமனையும் மகப்பேற்றுக்கான வாணி விலாஸும். அங்கே வெளிநோயாளிப் பிரிவில் கண்ணில் படும் நோய்களின் வகைகளை, படுக்கைகள் காலியாகக் கிடக்கும் பளிங்கு வளாகம் ஒருநாளும் காட்டாது.

நீட் மதிப்பெண்தானே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்பீர்கள். பாதி உண்மை. கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை எந்த வரிசையில் கொடுப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அரசு மருத்துவமனை நெரிசலில் நின்று சொல்லிக்கொடுக்க மூத்த மருத்துவர்களுக்கு நேரமிருக்காது என்ற குறையிலும் நியாயம் உண்டு. தனியார் என்றாலே ஒதுக்கவும் சொல்லமாட்டேன்: 1963-இல் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குக் கோரமங்களாவில் சொந்தமாகவே பெரிய மருத்துவமனை இருக்கிறது. கட்டணம் கட்டுபடியாகுமா என்பது வேறு கணக்கு. எங்கே போனாலும் பயிற்சி மருத்துவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்: இதுவரை எத்தனை பிரசவத்தைத் தன் கையால் பார்த்திருக்கிறார்?